பேச்சிலர் கிழங்கும் பேமிலி கிழங்கும்

முதல் முறை பார்த்தபோது நான் அவரிடம் கேட்டது மரவள்ளிக்கிழங்கு. அவர் என்னிடம் கேட்டது, "கட ஓனருக்கு எத்தினி பசங்க?"

திருவேற்காட்டிலிருந்து அயனம்பாக்கம் போகிற சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் அப்போதுதான் சிப்ஸ் கடை போட்டிருந்தோம். நேந்திரங்காயும் உருளைக்கிழங்கும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. மரவள்ளிதான் எங்களைப் படுத்தி எடுத்தது. கோயம்பேட்டிலிருந்து மூட்டை வாங்கி வந்தால், காலையில் வெள்ளை வெளேரென்று பொரியும். மாலையில் அதே மூட்டையிலிருந்து எடுத்துச் சீவினால் எண்ணெயைக் குடித்துவிட்டுத் துவண்டு கிடக்கும். ஏரிப் பக்கம் ஒருத்தர் கிழங்கு போடுகிறார், நேராகப் போய்க் கேளுங்கள் என்று பால்காரர் சொன்னார். போனேன்.

"கிழங்கு இருக்காண்ணே?"

"கீது. கட சொந்தமா, வாடகையா?"

"வாடகை."

"ஓனருக்கு எத்தினி பசங்க? பெரியவன் வேலைக்குப் போறானா, சொம்மா கீறானா?"

எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளுக்கு வாயும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். "நீங்க கிழங்கு விக்கிறீங்களா, சென்சஸ் எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "கோச்சிக்காத தங்கச்சி. வேலையில்லாத புள்ள ஊட்ல இருந்தா, ஓனரு ஒரு நாளு ஒன்னியக் காலி பண்ணச் சொல்லிட்டு அவனுக்கு அங்கயே ஒரு செல்போன் கட வெச்சிக் குடுப்பாரு. ஒன்னிய நம்பி நான் வெச்ச கெயங்க அப்பால யாரு துன்றது?"

யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஓனரின் பெரிய பையன் வேலையில்லாமல்தான் இருந்தான். கிழங்கு வாங்கப் போன இடத்தில் ஒரு கவலையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அண்ணாத்தே. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் ஒரு பேனாக்கத்தி, மேலுக்கு எப்போதும் பாடிப் பக்கம் இருக்கும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் நீலச் சட்டை. அந்தத் தொழிற்சாலையின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. மனைக்காரர் ஒருவர் ரிட்டயர் ஆனபோது கொடுத்த சட்டை அது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர், "என்ன சார், ஃபர்ஸ்ட் ஷிப்டா?" என்று கேட்பார். இவரும் "ஆமா சார், இன்னிக்கி ஓவர்டைமு" என்பார்.

மனைக்காரர் கதையைச் சொன்னால்தான் அவருடைய தொழில் புரியும். ஏரிக்குக் கீழே அவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டைக்கூட வளர்க்க முடியாது என்று அவரே சொல்வார். அதைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பிளாட் போட்டு விற்ற காலி மனைகள். வாங்கியவர்கள் பாடியிலும் அம்பத்தூரிலும் வாடகை வீட்டில் இருந்தார்கள். யாராவது குப்பை கொட்டிவிடுவார்களோ, எல்லைக் கல்லை நகர்த்திவிடுவார்களோ என்று அவர்களுக்குக் கவலை. அண்ணாத்தே அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். "நான் பாத்துக்கறேன் சார். கெயங்கு மட்டும் வெச்சிக்கறேன். நீங்க ஊடு கட்டச் சொல்லோ காலி பண்ணிட்றேன். வருசத்துக்கு ஒரு மூட்ட ஒங்க ஊடு தேடி வந்துடும்." யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்த மனையில் எந்த ரகம் நடுவது? மற்ற ஊர் விவசாயிகள் மண்ணைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், சந்தை விலையைப் பார்ப்பார்கள். இவரும் அதையெல்லாம் பார்ப்பார். ஆனால் முதலில் பார்ப்பது மனைக்காரர் எப்போது வீடு கட்டுவார் என்பதை. "கெயங்கு மண்ணுல வளரல தங்கச்சி, ஓனரு மனசுல வளருது" என்பது அவருடைய வேதவாக்கு.

மரவள்ளிக்கு விதை கிடையாது. அறுவடையான செடியின் தண்டைக் குச்சி குச்சியாக நறுக்கி நட வேண்டும். பாடி மேம்பாலத்துக்குக் கீழே வந்து நிற்கும் சேலத்து லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்து, புதுப்புது ரகங்களின் குச்சியைக் கட்டுக்கட்டாக வரவழைப்பார். அந்தக் குச்சிகளுக்கு அந்த ஊரில் முறையான பெயர் உண்டு. லாரிக்காரர் சொல்வார். இவர் வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். அதனால் பெயரெல்லாம் இவரே வைத்ததுதான்.

ஆறு மாதத்தில் தயாராகிவிடும் ஒரு ரகத்துக்குப் பெயர் பேச்சிலர். காலி பண்ணு என்று சொன்ன அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும், அழுகை கிடையாது. பத்து மாதம் மண்ணுக்குள் இருந்தே ஆக வேண்டிய ரகத்துக்குப் பெயர் பேமிலி. ஊன்றிய பிறகு நடுவில் கிளப்பினால் ஒன்றுக்கும் ஆகாது. மூன்றாவதாக ஒரு கசப்பு ரகம். ஏரிப் பக்கம் பன்றித் தொல்லை அதிகம். நல்ல கிழங்கை ஒரே நாளில் கிண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். இந்தக் கசப்பை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் மனையைச் சுற்றி ஒரு வரிசை அதை நட்டு வைப்பார். அதன் பெயர் ஹவுஸ் ஓனர்.

"என்னண்ணே, ஹவுஸ் ஓனர்னா அவ்ளோ கசப்பா?" என்று கேட்டேன்.

"காவலுக்கு நல்ல மனுசங்கதான் தங்கச்சி. கிட்ட போய் நக்கிப் பாக்கக் கூடாது, அவ்ளோதான்."

மனைக்காரர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. யார் வீட்டுப் பெண் பிளஸ் டூ, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், யாருக்கு வங்கியில் கடன் கிடைக்கவில்லை, யாருக்கு ஜாதகத்தில் வீடு கட்டும் யோகம் எப்போது, எல்லாம் விரல் நுனியில். புதிதாக மனை வாங்கிய ஓர் ஐ.டி. பையனிடம், "லோனு சாங்சன் ஆச்சா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அவன் இவரை வங்கிக்காரர் என்று நினைத்து சம்பளச் சீட்டு முதற்கொண்டு எடுத்துக் காட்டிவிட்டான். இன்னொரு வீட்டில் பெண்ணின் வயதையும் நட்சத்திரத்தையும் விசாரித்ததில், அவர்கள் இவரைக் கல்யாணத் தரகர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் வந்தது. சாப்பிட்டதற்கு மரியாதையாக இவரும் அம்பத்தூரில் தெரிந்த ஒரு பையனைச் சொல்லிவைக்க, அந்தக் கல்யாணம் நிஜமாகவே நடந்துவிட்டது!

நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வெற்றிலை பாக்குப் பையோடு நேராக என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சி தங்கச்சி. மாப்ள ஊட்ல கார் கேட்டுகினு கீறாங்கோ. இன்னும் ரெண்டு வருசத்துக்கு அந்தாளு செங்கல் பக்கமே போவ மாட்டாரு."

"நல்லா இருக்குண்ணே! அவர் கஷ்டத்துல உங்களுக்குக் கிழங்கா?"

"சேச்சே, பொண்ணு நல்லா இருக்கணும்னு மெய்யாலுமே சாமி கும்புட்டுத்தான் வந்தேன். அத்தோட சேத்து கெயங்கையும் ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

இப்படிப்பட்ட மனிதரைத் திட்டவும் முடியாது, மெச்சவும் முடியாது. சிரித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் கிழங்கு விஷயத்தில் மட்டும் ஆள் பத்தரை மாற்றுத் தங்கம். தூர் அருகே மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கிழங்கைப் பிடுங்கி முறிப்பார். பளிச்சென்று முறிய வேண்டும், பால் அதிகம் வடியக் கூடாது. கத்தியால் நுனியைச் சீவி வாயில் போட்டு மெல்லுவார், துப்புவார். முத்தவில்லை என்றால் முத்தவில்லைதான். ஒரு தடவை கடையில் சரக்கே இல்லை, கொஞ்சம் முன்னாடியே பிடுங்கிக் கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "பாலு குடிக்கிற புள்ளயத் தூக்கி எண்ணெச் சட்டில போடச் சொல்றியா?" என்று என்னையே அதட்டிவிட்டுப் போனார்.

பூந்தமல்லியில் பலகாரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் சிப்ஸைக் கேள்விப்பட்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். டின்னில் போட்டு மூடி வைத்து, மூன்றாம் நாள் திறந்து பார்த்துவிட்டு மறுபடி வந்தார்.

"முதல் நாள் எல்லா சிப்ஸும் நல்ல சிப்ஸ்தாம்மா. மூணாம் நாள் மொறுமொறுன்னு இருக்கணும். உங்க வாழக்கா இருக்கு, மரவள்ளி தொங்கிப்போச்சு. அதைச் சரி பண்ணி வாராவாரம் ஒரே மாதிரி குடுப்பீங்கன்னா, அடுத்த பங்குனியிலருந்து என் கடைக்கு நீங்கதான்."

அந்த வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று சொன்னால் புரியாது. ரோட்டில் போகிறவர் வருகிறவரை நம்பியிருந்த கடை அது. மழை பெய்தால் வியாபாரம் இல்லை. ஓனர் பையன் நாள் தவறாமல் வாசலில் வந்து நின்று கடையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். பாயின் கடை கிடைத்துவிட்டால் இந்தச் சாலையே வேண்டாம், எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே அடுப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணாத்தேயிடம் சொன்னேன். ஒரு சித்திரை மத்தியானத்தில், கலர் கலராகத் துணி கட்டி அடையாளம் வைத்த கிழங்குகளோடு அவரும் அவர் மனைவியும் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு ரகமாகப் பொரித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. நடுவர்கள் மூன்று பேர். அவர் மனைவிக்குத் தோல்தான் பிரமாணம். மூட்டை மூட்டையாக உரிக்கிறவர் அவர்தானே. கத்தியால் ஒரு கீறல் போட்டால் தோல் சட்டை கழற்றுவது போல வர வேண்டும், இல்லையென்றால் "இத்த நட்டா நீயே உரிச்சிக்க" என்று தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு எண்ணெய். என் வீட்டுக்காரர் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தார்.

சிவப்புத் துணி கட்டிய ரகம் பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது, ஆனால் கோணல் மாணல். சீவினால் பாதி வீண். மஞ்சள் துணி இனிப்பு அதிகம், எண்ணெயில் போட்டதும் சிவந்து கருகிவிட்டது. பச்சைத் துணி பேச்சிலர். தோல் நன்றாக உரிந்தது, நேராகவும் இருந்தது, ஆனால் நீர்க்கிழங்கு. எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைசியாக வெள்ளைத் துணி. வில்லைகள் எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று ஒரு சத்தம். ஜல்லிக்கரண்டியில் அள்ளித் தட்டில் போட்டபோது சில்லறை கொட்டுவது போலக் கேட்டது. மூன்று நாள் மூடி வைத்துப் பார்த்தோம். அப்படியே இருந்தது.

அதுதான் பேமிலி.

அண்ணாத்தே தலையில் கையை வைத்துக்கொண்டார். வைகாசியில் நட்டால் பங்குனியில்தான் எடுக்க முடியும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அது மண்ணுக்குள் இருந்து தாங்க வேண்டும். ஏரியோர மனைகளில் தண்ணீர் நின்றுவிடும், கிழங்கு அழுகிவிடும். பேச்சிலர் என்றால் மாசியில் நட்டு ஆவணியில், மழைக்கு முன்பே பிடுங்கிவிடலாம். பேமிலிக்கு மேட்டு மனை வேண்டும். அவர் கையில் இருந்த மனைகளில் மேடு ஒன்றே ஒன்றுதான். அது அந்த நீலச் சட்டை கொடுத்த சாருடையது.

மறுநாளே பாடிக்குக் கிளம்பிப்போனார். மூன்றாவது மாடி வாடகை வீடு. திரும்பி வந்து எனக்குச் சொன்னது இது:

"கவலய வுடு தங்கச்சி. அந்த சாரு ஒரு மிக்ஸி வாங்க ஆடித் தள்ளுபடி வரட்டும்ன்னாரு, ஆடி வந்தா தீவாளி வரட்டும்ன்னாரு. வாஸ்துக்காரன் ஒன்னு சொன்னா மச்சினன் ஒன்னு சொல்றான், ஒடனே தள்ளிப் போட்டுட்றாரு. அந்தம்மா சொல்லிச் சொல்லி ஓஞ்சி போய்ட்ச்சி. பெயிண்டு டப்பால ஒரு கறிவேப்பில செடி வெச்சிகினு, ஊடு மாறச் சொல்லோல்லாம் அத்தையும் தூக்கிகினு போவுதாம். பேமிலி, பேச்சிலர் கதையச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சிகினே இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'நாங்க பேமிலிதான், ஆனா பேச்சிலர் மாதிரிதான் பெட்டியத் தூக்கிட்டு அலையறோம். நீங்க உங்க பேமிலிய தாராளமா வைங்க, நாங்களா கட்டப் போறோம்?'னிச்சி."

வைகாசியில் மேட்டு மனை முழுக்க பேமிலி நட்டார். நோயில் இலை சுருட்டிக்கொண்ட செடியின் குச்சி ஒன்றுகூட கலந்துவிடாமல் பொறுக்கிப் பொறுக்கி நட்டார். நட்ட சந்தோஷத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, "மேட்டு மனையில ஒரு பேமிலிய வெச்சிட்டேன். பத்து மாசத்துக்குக் கவலயில்ல" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார்.

அந்தி சாய்வதற்குள் அந்த வார்த்தை ஊரைச் சுற்றி அவர் மனைவி காதுக்கு வந்துவிட்டது. விளக்குமாற்றோடு என் கடை வாசலில் வந்து நின்றார் அந்த அம்மா. "எங்க அந்தாளு? இந்த வயசுல பேமிலி வெச்சிகினு கீறாராமே! அதுவும் பத்து மாசமாமே!" பொரித்துப் பார்த்த அன்று கூடவே இருந்தவர்தான். கோபத்தில் கிழங்கு ஞாபகத்துக்கே வரவில்லை. நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் அண்ணாத்தே சைக்கிளில் வந்து இறங்கி, விளக்குமாற்றைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். பிறகு மேட்டு மனைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டித்தான் சமாதானம் ஆனது. கொஞ்ச நாளைக்கு டீக்கடையில் எல்லோரும் "அண்ணாத்தே, சின்ன ஊடு சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை வந்தது. கீழ் மனைகளில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. மேட்டு மனை மட்டும் தலை நனைந்து, கால் காய்ந்து நின்றது. மார்கழியில் செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. நான் வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். பாயிடம் பங்குனி என்று வாக்குக் கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் பின்கட்டைச் சுத்தம் செய்யக்கூட ஆரம்பித்துவிட்டார்.

அப்படி ஒரு நாள் நான் போயிருந்தபோதுதான் அந்த மேட்டு மனை சாரும் அவர் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு மேஸ்திரி, கையில் டேப்பு.

சார் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, களை பிடுங்கிக்கொண்டிருந்த அண்ணாத்தேயைப் பார்த்து வழுக்கையைத் தடவினார். "தையிலயே பூஜை போட்டுடலாம்னு வாஸ்துக்காரர் சொல்றார். மச்சினன் என்னடான்னா அவசரப்படாதே, சித்திரையில பாத்துக்கலாம்கறான். எனக்கு ஒரே குழப்பமா இருக்கு. நீங்க இந்த மண்ணுலயே கெடக்கிறவர். நீங்க சொல்லுங்க. தையா, சித்திரையா?"

சித்திரை என்று ஒரு சொல் போதும். பங்குனியில் கிழங்கை எடுத்துவிடலாம், பாயிடம் கொடுத்த வாக்கு நிற்கும், அண்ணாத்தேயின் ஒரு வருஷப் பாடும் வீணாகாது. பொய்கூட இல்லை, அவருடைய மச்சினனே சொன்னதுதானே? சாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் உதட்டை அசைத்தேன், சித்திரை, சித்திரை என்று.

அண்ணாத்தே என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும், பல வருஷமாகக் கேட்டுப் பழகிய பதில்.

"தையிலயே போடுங்க சார்" என்றார் அண்ணாத்தே. "சித்திரன்னா அப்பால வைகாசிம்பீங்க, ஆனிம்பீங்க. ஆடில எவனும் கட்ட மாட்டான். நல்ல காரியத்த இன்னாத்துக்கு இஸ்துகினு போறது?"

"அப்ப உங்க கிழங்கு?"

"அதுக்கின்னா சார், அது பேச்சிலரு. சொன்னா கெளம்பிடும்."

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் அண்ணாத்தேயைப் பிடித்துக்கொண்டேன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்தது எதுவும் எழுதத் தக்கதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏண்ணே, ஊரு ஒலகத்துல ஒவ்வொருத்தன் வீட்டுக் கதையையும் கிழங்குக்காகத்தானே கேட்டீங்க? கேட்டு என்ன பிரயோஜனம்?"

"அதான் பேஜாரு தங்கச்சி" என்றார். "கேக்காம இருந்திருந்தா சித்திரன்னு சொல்லியிருப்பேன்."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. ஆனால் கோபம் போகவும் இல்லை. பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க விவசாயி நல்ல மனுஷன். ஆனா கண்ணாடி பாட்டில்ல நல்ல மனுஷனப் போட்டு விக்க முடியாதேம்மா. கிழங்கு எப்போ கிடைக்குதோ அப்போ வாங்க" என்றார். அந்த வருஷம் அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். எங்கள் அடுப்பு ரோட்டோரத்திலேயே எரிந்தது.

தை பிறந்ததும் மனையின் முன்பாதியை அண்ணாத்தேயும் அவர் மனைவியும் காலி செய்தார்கள். நானும் போய்க் கை கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கிழங்கு ஒவ்வொன்றும் மழுங்கலாக முறிந்தது. முறித்த இடத்திலெல்லாம் பால் வடிந்தது. சிப்ஸுக்கு ஆகாது. வேகவைத்து விற்கிற தள்ளுவண்டிக்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். இளங்கிழங்கு, நன்றாக வெந்துவிடும்.

பூஜை அன்றைக்கு ஈசானிய மூலையில் பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணாத்தே ஓர் அண்டா நிறையக் கிழங்கு வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, கூடவே காரச் சட்னியும் அரைத்துக் கொண்டு வந்திருந்தார். மேஸ்திரி, கொத்தனார், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவரே இலையில் வைத்துக் கொடுத்தார். வழக்கம்போல ஒவ்வொருத்தரிடமும் எத்தனை பிள்ளைகள், எங்கே வேலை என்று விசாரணையும் நடந்தது. சார் புது வேட்டியில், யாரோ அடுத்த நிமிஷம் பூஜையைத் தள்ளி வைத்துவிடுவார்களோ என்கிற மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

சாரின் மனைவி இலையோடு எங்கள் பக்கம் வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மனையின் பின்பக்கம் நாளைக்குப் பிடுங்கலாம் என்று விட்டுவைத்திருந்த வரிசைகளைப் பார்த்தார்.

"பேச்சிலர்னு சொன்னீங்களே, ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

அண்ணாத்தே அண்டாவைக் கிளறினார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வந்து என்ன கேட்டீங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லையா? மேஸ்திரியோட வந்த அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். வீடு வேணும்கிற ஆசையில வாயை மூடிக்கிட்டேன்." அவர் மறுபடி அந்த வரிசைகளைப் பார்த்தார். "பாதியில கிளம்புன்னு சொன்னா எப்படி இருக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"அதெல்லாம் ஒன்னியும் இல்லம்மா. நீங்க போங்க, ஐயரு கூப்புட்றாரு."

"கூப்பிடட்டும். பின்பக்கம் அஸ்திவாரம் வராது, மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். அங்க இருக்கிற ஒரு செடியையும் நீங்க தொடக் கூடாது. பங்குனி வரைக்கும் இருந்து முத்தட்டும். நான் இந்த மனைக்கு ஓனர். சொல்றேன்."

சொல்லிவிட்டு இலையை மடித்துப் போட்டுவிட்டு, புருஷனின் வேட்டி மடிப்பைச் சரிசெய்யப் போய்விட்டார். அண்ணாத்தே தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், ரொம்ப நேரம் துடைத்தார். நான் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, வரிசையில் நின்றவர்களுக்குக் கிழங்கு வைக்க ஆரம்பித்தேன்.